பீரோவை நகர்த்தச் சொன்னவள்

யார் வீட்டுக்குப் போனாலும் விரிசலக்காவின் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். மனிதர்கள் அப்புறம். ஜன்னல் மூலை, நிலைக்கு மேல், கூரையும் சுவரும் சேருகிற இடம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அந்தக் கண் ஆட்களிடம் வரும். "உன் பொண்டாட்டி என்னைப் பாத்துச் சிரிச்சாளா, எனக்குப் பின்னாடி இருந்த சுவத்தைப் பாத்துச் சிரிச்சாளா?" என்று அவள் கணவரிடம் கேட்ட உறவுக்காரர்கள் உண்டு. கணவர் பஸ் டிரைவர். "எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கு" என்பார்.

நகரத்துக்கு அடியில் ரயில் விடுவதென்று முடிவானபோது வீடு கட்டும் காண்டிராக்டர் ஒருவரிடம் அவள் மாடிப்படி வரைந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் வீட்டு மாடிப்படியை வரைந்து வரைந்து அலுத்துப்போயிருந்த சமயம். சுரங்கக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்றார்கள், போய்ச் சேர்ந்தாள். மண்ணுக்கு அடியில் வேலை என்று நினைத்துத்தான் போனாள். கிடைத்ததோ அடுத்தவர் வீட்டுப் படுக்கையறையில் வேலை.

சுரங்கம் தோண்டுவதற்கு முன்னால், அது போகிற வழியில் மேலே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், அங்கே ஏற்கெனவே இருக்கிற விரிசலையெல்லாம் படம் பிடித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால், அப்பா காலத்து விரிசலுக்கும் மெஷின்மேல் பழி விழும். அதைவிட மோசம், மெஷினால் வந்த விரிசலைக்கூடப் பழசு என்று கம்பெனி கைகழுவிவிடும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று "இது அப்பவே இருந்தது, இது இல்லை" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் விரிசலக்கா. தெருக்காரர்கள் வைத்த பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

"உங்க வீட்டுல விரிசல் இருக்கா?" என்று அவள் யாரிடமும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் ரோஷத்தோடு இல்லை என்பார்கள். உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வராதா என்று கேட்கிற மாதிரிதான் அது. அவள் கேட்பது வேறு. "இந்த வீட்டுல உங்களுக்குப் பிடிக்காத மூலை எது?"

இதற்கு யாரும் பொய் சொன்னதில்லை. அந்தப் பக்கம் ஈரம் என்பார்கள், அங்கே கரப்பான் வரும் என்பார்கள், அந்த இடத்தில்தான் மாமியார் உட்காருவார் என்றுகூட ஒருத்தி சொன்னாள். சொன்ன மூலைக்குப் போய், "கொஞ்சம் பீரோவை நகர்த்தலாமா?" என்பாள். நகர்ந்த பீரோவுக்குப் பின்னால் விரிசல் இருக்கும். சமயத்தில் தொலைந்துபோன சீப்பும் இருக்கும்.

சுரங்கம் பெரும்பாலும் ரோட்டுக்கு அடியிலேயே வந்தது. ஸ்டேஷனுக்காகத் தோண்டிய பெரிய பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சிக்கல். அங்கே ரோடு முழங்கையை மடக்கினாற்போலத் திரும்பும். ரயிலுக்கு அப்படித் திரும்பத் தெரியாது. அது அகலமாக வளைத்துக்கொண்டுதான் வரும். அப்படி வளைகிற இடத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவின் நடுவீடு அவளுடைய நாத்தனார் வீடு.

நாத்தனார் டிரைவருக்கு அக்கா. தன் வீட்டைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் ஒரு படி ஏறும். அவள் கணவர் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். வருஷத்தில் பாதிக்குமேல் கடலில். அவர் அனுப்பிய சம்பளத்தில் அவள் ஒற்றை ஆளாக நின்று கட்டிய வீடு. கட்டும்போதே தம்பி, "அக்கா, அந்த மூலையில தண்ணி தேங்குது, அஸ்திவாரத்தைப் பாத்துப் போடச் சொல்லு" என்றிருக்கிறார். "பஸ் ஓட்டுறவனுக்கு அஸ்திவாரத்தைப் பத்தி என்ன தெரியும்? என் வீட்டுல மயிரிழை விழாது பாரு" என்று அக்கா பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சு வளர்ந்து, இரண்டு வீட்டுக்கும் ரொம்ப காலம் போக்குவரத்து இல்லாமல் இருந்தது. இப்போதுதான் ஒருமாதிரி சரியாகி, பண்டபாத்திரம் இரவல் வாங்குகிற அளவுக்கு வந்திருந்தது.

விரிசலக்கா டார்ச்சும் ஸ்கேலும் கேமராவுமாகப் போய் நின்றபோது நாத்தனார் பிஸ்கட் தட்டோடு வரவேற்றாள்.

"அண்ணி, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். இந்த வீட்டுல உங்களுக்குப் பிடிக்காத மூலை எது?"

"என் வீட்டுல எனக்குப் பிடிக்காத மூலையே கிடையாது."

அப்படி ஒரு பதிலை விரிசலக்கா அதுவரை கேட்டதில்லை. ஹாலில் ஒரு பெரிய மரப் பீரோ. லைட் ஸ்விட்சைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. புத்தியுள்ள யாரும் அந்த இடத்தில் பீரோ வைக்க மாட்டார்கள். நகர்த்தச் சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. நாத்தனார் பீரோவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோம்மா" என்றாள். தன் கையால் பிஸ்கட் கொடுக்கவே அவளுக்கு இத்தனை காலம் ஆகியிருந்தது. விரிசலக்கா வார்த்தையை மென்று பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கினாள். ஹால் சுவர் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தாள். பார்க்காத சுவரைப் பார்த்ததாக அவள் எழுதியது அந்த ஒன்றுதான்.

பிறகு மெஷின் வந்தது.

கீழே வேலை செய்கிறவர்கள் அதைப் பெரியம்மா என்றுதான் சொல்வார்கள். மெதுவாக நடப்பாள், முனகிக்கொண்டே இருப்பாள், எதிரில் வருவதையெல்லாம் மென்று தின்பாள், யார் சொன்னாலும் பின்னால் திரும்ப மாட்டாள். முன்பக்கம் மண்ணை அரைத்துத் தள்ளிக்கொண்டே, பின்பக்கம் கான்கிரீட் துண்டுகளை வளையமாகச் சேர்த்து வைத்து, அந்த வளையத்தையே உதைத்து முன்னால் போவாள்.

வேலையை முடித்துக்கொண்டு வீட்டோடு வந்துவிட்ட கப்பல்காரருக்குத் தன் வீட்டுக்கு அடியில் இப்படி ஒரு மெஷின் வருவது பெரிய கொண்டாட்டம். தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்பார். "சத்தம் கேக்குது" என்பார். "அது பக்கத்து வீட்டு மிக்ஸி" என்பாள் நாத்தனார். தரை போதாதென்று ஒருநாள் காலை, அவள் கடைக்குப் போயிருந்த நேரம், சுவரில் காதை வைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. பெரியம்மா வருகிற திசையில் இருந்தது பீரோவுக்குப் பின்னால் இருக்கிற சுவர். பீரோவின் கால்களுக்கு அடியில் ஈரத்துணியைச் செருகி, கப்பல்காரருக்கே உரிய சாமர்த்தியத்தோடு அதைத் தள்ளினார். காதை வைக்கப் போனவர் கண்ணை விரித்தார். ஸ்விட்சிலிருந்து தரைவரைக்கும் ஒரு விரிசல். வெள்ளை வெளேரென்று, நேற்று விழுந்ததுபோல.

தெருக் கோடியில் கம்பெனி ஒட்டியிருந்த நம்பருக்கு உடனே போன் போட்டார். அவர்மேல் தப்பில்லை. அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தது.

பெரியம்மா நின்றாள்.

விரிசலக்காவுக்குச் செய்தி சொன்னது அவளுடைய மேலதிகாரி. அவர் பேச்சு முழுக்க மில்லிமீட்டரில்தான் இருக்கும் என்பதால் அவருக்கு அரைமில்லி சார் என்று பெயர். ஒருமுறை அவர் மகனுக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டதற்கு, "அரை மில்லி குறைஞ்சிருக்கு" என்று சொன்னாராம்.

"உங்க நாத்தனார் வீடு. ஹால்ல புது விரிசல். வெளியில தரையில பதிச்ச குறி எதுவும் அசையல. ஆனா நீங்க சுவர் சுத்தம்னு எழுதியிருக்கீங்க. இப்ப விரிசல் இருக்கு. அப்ப மெஷின் போட்டதுதானே?"

விரிசலக்காவுக்கு அந்த இடம் தெரியும். அந்தத் தெருவுக்கு அடியில் ஈர மணல். பெரியம்மா நடந்துகொண்டிருந்தால் மண்ணைத் தாங்கிக்கொண்டே கடந்துபோய்விடுவாள். நின்றால், தாங்கிப் பிடித்தபடியே நிற்க வேண்டும். கொஞ்ச நேரமென்றால் சரி. நீண்டுகொண்டே போனால் அதுவே மேலே இருக்கிற வீடுகளுக்குக் கெடுதல். விரிசல் நிஜமாகவே புதிது என்றாலோ, தெருவையே காலி செய்யச் சொல்லி, வீட்டுக்கு வீடு தரையில் துளை போட்டு சிமெண்ட் பாலை இறக்க வேண்டும். எல்லாம் அவள் எழுதிய ஒரு வரியை நம்பி.

"சார், அந்தச் சுவத்தை நான் பாக்கல."

"பாக்கலைன்னா?"

"பீரோ இருந்தது. நகர்த்தச் சொல்லல. சும்மா எழுதிட்டேன்."

"எல்லா வீட்டுலயும் நகர்த்துறீங்களே. இங்க மட்டும் ஏன்?"

"நாத்தனார் வீடு சார்."

அரைமில்லி சார் பெருமூச்சு விட்டார். "எங்க அக்கா வீட்டுலயும் அப்படி ஒரு பீரோ இருக்கு" என்றார். உடனே குரலை இறுக்கிக்கொண்டார். "அது வேற. இப்பப் போய்ப் பாருங்க. பழசா, புதுசா? பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காம இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் போனபோது கப்பல்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா. மெஷின் நின்னுபோச்சாமே, என்னாலயா?" என்று சிறுபிள்ளைபோலக் கேட்டார். நாத்தனார் உள்ளே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் இல்லை. வா என்றுகூடச் சொல்லவில்லை.

விரிசலக்கா சுவருக்கு முன்னால் உட்கார்ந்து டார்ச் அடித்தாள். பழைய விரிசலுக்கு ஒரு முகம் உண்டு. உள்ளே தூசி அடைந்திருக்கும், ஒட்டடை இருக்கும், விளிம்பு மழுங்கிப் போயிருக்கும். புது விரிசலுக்கு விளிம்பு கூராக இருக்கும், உள்ளே வெள்ளையாக இருக்கும். இது வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. இன்னும் குனிந்தாள். மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்கு.

புதினா வாசனை.

நகத்தால் லேசாகச் சுரண்டினாள். வெள்ளையாக உதிர்ந்தது. விரலை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள். சந்தேகமே இல்லை. அந்த வாசனையோடுதான் அவள் வீட்டிலும் தினமும் பொழுது விடிகிறது. மெதுவாக எழுந்து, "அண்ணி, ஒரு டீ கிடைக்குமா?" என்றபடி சமையலறைக்குள் போனாள். நாத்தனார் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணி, எந்த பேஸ்ட் வாங்குறீங்க?"

"என்ன பேஸ்ட்?"

"பல்லு தேய்க்கிற பேஸ்ட். சுவரெல்லாம் கமகமன்னு இருக்கு."

நாத்தனார் டீத்தூள் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஆணி அடிச்ச ஓட்டையை அடைக்க எல்லாரும் வைக்கிறதுதானே" என்றாள்.

"ஆணி ஓட்டை தரை வரைக்கும் வராது அண்ணி."

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வீடு கட்டின மறு வருஷமே வந்துடுச்சு. அவர் கடல்ல. எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும் போன் பண்ணுவார். நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டார். வீடு எப்படி இருக்குன்னுதான் முதல்ல கேப்பார். நல்லா இருக்குன்னு சொன்னேன். ஒரு தடவை சொல்லிட்டு அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல. பீரோவைத் தள்ளி வச்சேன். இப்ப மெஷின் வருதுன்னு சொன்னாங்களா, எங்க பெருசாகிடுமோன்னு பயம். போன வாரம் அவர் வாக்கிங் போனப்ப ஒரு பக்கமா இழுத்து, ஈரத்துணியில நல்லாத் தொடச்சு, பேஸ்ட் வச்சு அடைச்சேன். அது காஞ்சு வெடிச்சுத் தொலைச்சிருக்கு."

விரிசலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். எத்தனையோ வீடுகளில் ஒட்டடையையும் தூசியையும் பார்த்து அவள் விரிசலின் வயசைச் சொல்லியிருக்கிறாள். சாட்சியையே துடைத்துக் கழுவிவைத்த வீடு இதுதான் முதல்.

"நீயே போய்ப் பழசுன்னு சொல்லிடேன். உன் பேச்சைத்தான் கேப்பாங்களே."

"நேத்து வரைக்கும் கேட்டிருப்பாங்க. உங்களுக்காகப் பாக்காம எழுதினவ நான். இன்னிக்கு வாயைத் திறந்து பழசுன்னா, நாத்தனாரைக் காப்பாத்தச் சொல்றேன்னுதான் நினைப்பாங்க. வீட்டுக்காரங்க சொல்லணும். அப்புறம் நான் காட்டுறேன்."

"அவர் காதுல விழுமே."

"விழும்."

"உன் புருஷன் காதுலயும் விழும்."

"அது இன்னும் நல்லா விழும். ஆனா அண்ணி, கீழ மெஷின் மண்ணைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. உங்க வீட்டையும், பக்கத்து வீட்டையும், கோடி வீட்டையும் சேத்து. ரொம்ப நேரம் நிக்க வைக்கக் கூடாது."

நாத்தனார் டீயை வடிகட்டினாள். வழக்கத்தைவிட நிதானமாக வடிகட்டினாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். கணவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பீரோவைப் பார்த்துச் சொன்னாள்.

"இது மெஷின் போட்டது இல்ல. நீங்க கப்பல்ல இருந்தப்பவே வந்தது. நான்தான் பீரோவை வச்சு மறைச்சேன். பேஸ்ட் வச்சதும் நான்தான்."

கப்பல்காரர் சுவரைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார்.

"அப்ப, லீவுல வந்தப்பல்லாம் பீரோ சந்துல கையை விட்டுத் துழாவித் துழாவி லைட் போட்டேனே, அது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"ஸ்விட்ச் தெரியற மாதிரி பீரோவைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமான்னு எத்தனை தடவை கேட்டேன். மூலைக்கு அழகுன்னு சொன்னியே."

"எப்பப் பாரு வீடு எப்படி இருக்குன்னே கேட்டா நான் என்ன சொல்றது?"

"போன் பண்ற இடத்துல பின்னாடி அத்தனை பேர் வரிசையில நிப்பானுங்க. அவனுங்க முன்னாடி வேற என்னத்தைக் கேக்கச் சொல்றே?" என்றார் அவர். அதற்குமேல் அந்த விஷயத்தை இருவரும் வளர்க்கவில்லை. "இருந்தாலும் பேஸ்ட் வச்சே பாரு. இன்ஜின் ரூம்ல ஒருத்தன் இப்படி அடைச்சிருந்தான்னா அவனை நடுக்கடல்ல இறக்கி விட்டிருப்பேன்."

நாத்தனாரின் தோள் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. விரிசலக்கா அரைமில்லி சாரை போனில் பிடித்து அவளிடம் கொடுத்தாள்.

"சார், அந்த விரிசல் எங்களோடது. உங்களோடது இல்ல" என்றாள் நாத்தனார். ஏதோ பொருளை மாற்றி எடுத்துப் போனவரிடமிருந்து திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது குரல்.

அரைமில்லி சார் ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். அவர் கண்முன்னால் விரிசலக்கா ஓர் ஊசியால் பேஸ்ட்டைப் பொறுமையாகத் தோண்டி எடுத்தாள். துணி எட்டாத ஆழத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. கறுத்த தூசி, சிலந்தியின் காய்ந்த கூடு, அதற்கும் உள்ளே இளம்பச்சை. இப்போதைய கிரீம் நிறத்துக்கு முன்னால் ஹால் இளம்பச்சையாக இருந்தது. அந்தப் பெயிண்ட் விரிசலுக்குள் வழிந்து காய்ந்திருந்தது. அப்போதே விரிசல் இல்லாமல் பெயிண்ட் எப்படி உள்ளே போகும்? அரைமில்லி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படம் எடுத்தார். வெளியே போய்ப் போனில் பேசினார்.

விரிசலக்கா சுவரில் அளவுத் தகட்டை ஒட்டினாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடித் தகடுகள். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கீழ்த் தகட்டில் கட்டங்கள், மேல் தகட்டில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி. சுவர் அசைந்தால் குறி கட்டத்தைவிட்டு நகரும். ஒட்டி முடித்துத் திரும்பியபோது, அவள் குடிக்காமல் வைத்திருந்த டீயின் மேல் மெல்லிய வளையங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பெரியம்மா கிளம்பிட்டா" என்றாள்.

கப்பல்காரர் அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். "மிக்ஸி இல்ல, மிக்ஸி இல்ல" என்றார்.

டிரைவர் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது அக்கா வாசலிலேயே மறித்தாள். "டேய், அந்த மூலையைப் பத்தி நீ சொன்னது சரி. ஒத்துக்குறேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினே, டீ கிடையாது." எத்தனையோ வருஷமாக அவர் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அதோடு வீணாகிப் போனது. டீ குடித்துவிட்டு வந்தார்.

விரிசலக்காவை அரைமில்லி சார் சும்மா விடவில்லை. "ஒரு பீரோவை விட்டவங்க இன்னொண்ணையும் விட்டிருக்கலாம். பெரியம்மா இன்னும் போகாத வீடெல்லாம் மறுபடி போய்ப் பாருங்க. எல்லா பீரோவும் நகரணும்." அவளும் தலையாட்டினாள். நியாயம்தானே. மறுநாள் காலை டார்ச்சோடு தெருவில் இறங்கினால், நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நிற்கிறாள்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க அண்ணி?"

"யார் யார் எங்க எதை மறைப்பாங்கன்னு உன்னைவிட எனக்குத் தெரியும். வா."

அது பொய்யில்லை. நாலு வீடு தள்ளி, படுக்கையறையில் ஒரு நாள்காட்டி தரையோடு தரையாகத் தொங்கியது. "இவ்வளவு கீழ யாரு தேதி பாக்குறது, பூனையா?" என்று கேட்டாள் நாத்தனார். வீட்டுக்காரி சிரித்தபடி தானே கழற்றிக் கொடுத்தாள். தன் வீட்டு விரிசலின் கதையை நாத்தனாரே எல்லோருக்கும் சொல்லிவிடுவதால், மற்றவர்களுக்கும் மறைக்கத் தோன்றவில்லை. "என் வீட்டுக்கு அடியிலயே மெஷின் போச்சு. கூட்டல் குறி இம்மி நகரல. கட்டினது யாரு?" என்பாள். ஒளித்து வைத்திருந்த விரிசல் இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிற பொருளாகிவிட்டது. ஸ்விட்ச் வெளியே வந்துவிட்டது. பீரோ எதிர்ச் சுவருக்குப் போய் ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றிக் கப்பல்காரர் வாயே திறக்கவில்லை.

பெரியம்மா அந்தத் தெருவை முழுக்கக் கடந்து, ஸ்டேஷன் பள்ளத்தின் சுவரை உடைத்துக்கொண்டு தலையை நீட்டினாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் விரிசலக்காவின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். முதலில் சுவரை, அப்புறம் ஆட்களை.

"இந்த வீட்டுல உனக்குப் பிடிக்காத மூலை எது?"

"எங்க வீட்டுக்கு அடியில ரயிலே போகலையே அண்ணி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

விரிசலக்கா வாயைத் திறந்தாள். ஊரெல்லாம் கேட்ட கேள்வி. தன்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் பதில் சொல்வதற்குள் டிரைவர் சத்தமில்லாமல் போய் ஃபிரிட்ஜின் கால்களுக்கு அடியில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஃபிரிட்ஜ் நகர்ந்தது. பின்னால், காணாமல்போன டப்பா மூடிகள், ஒரு கரண்டி, ஒரு பந்து. பிளக் பாயிண்டிலிருந்து தரைவரைக்கும் பாம்புபோல நெளிந்து ஒரு விரிசல்.

விரிசலக்கா முதலில் சிரித்தாள். பிறகு மற்ற இருவரும்.

"பேஸ்ட் கொண்டு வரட்டுமா அக்கா?" என்றார் டிரைவர்.

"நீ போய் பஸ் ஓட்டு" என்ற நாத்தனார், மண்டியிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். "இவளே, ஸ்கேலைப் பிடி. டார்ச் எங்க? படம் நான் எடுக்குறேன்."